கிளுவனேந்தல் இருளாயியும் முனித்தோட்டத்து இலையும்

இருளாயிக்கு ஊரே கூடி ஒரு அநியாயம் பண்ணுச்சு. அவ இடுப்புல பதினோரு வருசம் குடியிருந்த வலி ஒரே ஒரு மருந்துக்குத்தான் கட்டுப்பட்டுச்சு. அந்த மருந்தை அவ கையில இருந்து பிடுங்கிக் கரைமுனிக்குன்னு ஒதுக்கி வச்சாங்க. பிடுங்கினவங்க வேற யாருமில்ல, அவ தண்ணிக்குள்ள முங்கிக் காப்பாத்துன அதே ஊர்க்காரங்கதான். இதை முதல்லயே சொல்லிடுறேன். கடைசியில சொன்னா, 'பாவம், தெரியாமப் பண்ணிட்டாங்க'ன்னு அவங்களுக்கும் சேர்த்து உச்சுக் கொட்டிட்டு எழுந்து போயிருவீங்க. தெரிஞ்சுதான் பண்ணாங்க.

இது நடந்த காலத்துல கிளுவனேந்தலுக்கு ரோடு கிடையாது. கண்மாய்க் கரைதான் ரோடு, கரைதான் சந்தை, கரைதான் பஞ்சாயத்து. ஊர்ல மூணு பேர் பேச்சுதான் எடுபடும்னு சொல்வாங்க. கரைமேல உக்காந்திருக்கிற முனி ஒருத்தர். முனிக்குப் பூசை வைக்கிற கோடாங்கி ஒருத்தர். ஊர்த்தலைவர் அம்பலம் ஒருத்தர். முனி வாயைத் திறக்க மாட்டாரு. அவருக்கும் சேர்த்துக் கோடாங்கி பேசுவாரு. கோடாங்கி பேசினதை அம்பலம் தீர்ப்பாச் சொல்லுவாரு. ஆக, வாய் மூணுன்னு பேரு, வார்த்தை ஒண்ணுதான்.

இருளாயி மடைக்காரர் வீட்டுப் பொண்ணு. மடைங்கிறது கண்மாய்த் தண்ணி வெளியே போற வாய். தண்ணிக்குள்ள ரெண்டு கல்தூண் நிக்கும். மேல ஒரு குறுக்குக்கல் கிடக்கும். அடியில வாயை அடைச்சு ஒரு கல்லு இருக்கும். முங்கிப்போய் அந்த அடைகல்லைத் தூக்குனாத்தான் தண்ணி வெளியேறும். அப்பன் போன பிறகு மடை வேலை அண்ணன் கூரிச்சாத்தனுக்கு வந்துச்சு. நாங்க எல்லாம் அந்தக் கூரிச்சாத்தன் வழிதான். ஆனா அடைகல்லை எந்தப் பக்கம் திருகுனா அசையும்ங்கிறது தன்னைவிடத் தங்கச்சிக்குத்தான் தெரியும்னு அவரே சொல்வாராம். கட்டிக்கொடுத்த இடத்துல புருசன் காய்ச்சல்ல போயிட்டான். இருளாயி பிறந்த வீட்டுக்கே வந்துட்டா. அப்ப அவளுக்கு வயசு இருபத்து நாலு.

ஒரு கார்த்திகை மாசம். ஏழு நாள் மழை விடலையாம். கண்மாய் நிரம்பி, கரை கசிய ஆரம்பிச்சுச்சு. மடையைத் திறந்து விட்டாக் கரை நிக்கும், இல்லாட்டி ஊர் போகும். கூரிச்சாத்தன் பொண்டாட்டி ஊருக்குப் போனவரு, ஆத்து வெள்ளத்துல அக்கரையிலயே மாட்டிக்கிட்டாரு. கரைமேல நின்ன ஆம்பளைங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்தாங்களாம்.

"நீ முங்குப்பா."

"எனக்கு மடை பழக்கமில்ல."

"அப்ப நீ?"

"எனக்குக் காதுல சீழு. தண்ணி ஆகாது."

"உனக்கு என்ன கேடு?"

"எனக்கு நீச்சலே தெரியாதே, சித்தப்பு. உங்களுக்குத் தெரியுமே."

காதுல சீழுன்ன அந்தச் சித்தப்பு தொண்டையைச் செருமிக்கிட்டு வானத்தைப் பாத்தாராம். அப்ப இருளாயி முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு வந்து நின்னா. "கயிறைக் கொண்டாங்க"ன்னா.

இந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. வெள்ளத்துல மடைக்கு முங்கப் போறவங்க திரும்பி வர மாட்டாங்கன்னு வச்சு, போறதுக்கு முன்னாலேயே வாய்க்கரிசி போட்டு அனுப்பிருவாங்க. இருளாயிக்கும் போட்டாங்க. அம்பலம் போட்டாரு, கோடாங்கி போட்டாரு, காதுல சீழ் வந்தவரும் போட்டாரு. அவ அந்த அரிசியை மென்னு முழுங்கிட்டு, "நல்ல அரிசியாத்தான் போட்டிருக்கீக"ன்னு சொல்லிட்டு இறங்குனாளாம்.

ஒரு தடவை முங்குனா, வெறுங்கையோட வந்தா. ரெண்டாந்தடவை முங்குனா, "அசையுது"ன்னா. மூணாந்தடவை முங்குனா, வரல. கரைமேல நின்னவங்க நூறு எண்ணுனாங்களாம். அந்தப் பக்கம் மடைவாய் உறுமிக்கிட்டுத் தண்ணி பாய்ஞ்சுச்சு. கரை நின்னுருச்சு. எல்லாரும் கும்பிட்டாங்க. அம்பலம் அங்கேயே சொல்லிட்டாராம், "இருளாயிக்கு மடையோரம் கல்லு நடுறோம், வருசாவருசம் பொங்கல் வைக்கிறோம்"னு. அப்பத்தான் கயிறு ஆடுச்சு.

இழுத்தாங்க. உசுரோட வந்தா. மேல கிடந்த குறுக்குக்கல் சரிஞ்சு இடுப்புல விழுந்திருந்துச்சு.

இங்கதான் ஊருக்குச் சங்கடம். செத்திருந்தாச் சாமி. கல்லு நட்டு, மாலை போட்டு, வருசத்துக்கு ஒரு நாள் கும்பிட்டுட்டுப் போயிருக்கலாம். பிழைச்சு வந்தவளை என்ன பண்றது? அவளுக்குத் தினமும் பசிக்கும். தினமும் வலிக்கும். வாய்க்கரிசி போட்ட ஆளு எதிர்ல உக்காந்து கஞ்சி குடிச்சா, போட்டவங்களுக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

முதல் வருசம் அவ போட்ட சத்தம் கண்மாயோட அக்கரைக்குக் கேக்குமாம். கல்லு நசுக்குன இடம் மேல ஆறிருச்சு. தோல் மூடிருச்சு. உள்ள மட்டும் ஆறல. படுத்தா வலி, புரண்டா வலி, தும்முனா உசுரு போற வலி. மாட்டுக்குப் போடுற பத்துகூடப் போட்டுப் பாத்தாங்க. கேக்கல.

அப்பத்தான் மீராசா ராவுத்தரைக் கூட்டிட்டு வந்தாரு கூரிச்சாத்தன். ராவுத்தர் பக்கத்து ஊர் வைத்தியர். வந்தாரு, உக்காந்தாரு, தொட்டுப் பாக்கலையாம். முதல்ல கேட்டாராம்.

"எங்க தாயி வலிக்குது?"

"இடுப்புல, ராவுத்தரய்யா."

"எப்படி வலிக்குது?"

இருளாயி அழுதுட்டாளாம். ஒரு வருசமா ஒருத்தரும் அதைக் கேக்கலையாம். "உள்ள யாரோ உக்காந்து உரல்ல இடிக்கிற மாதிரி"ன்னா.

ராவுத்தர் கூரிச்சாத்தனைப் பாத்துச் சொன்னாரு. "உங்க முனி கோயிலுக்குப் பின்னாடி கஞ்சாச்செடி நிக்குதுல்ல, அதுல இலை வேணும். பால்ல வேகவச்சு, கருப்பட்டியும் கசகசாவும் நெய்யும் போட்டு லேகியமாக் கிண்டித் தாரேன். சுண்டைக்காய் அளவுதான். அதுக்கு மேல போனா ஆளைச் சாய்ச்சிரும். இப்பவே சொல்லிடுறேன், இது எலும்பைச் சேக்காது. நசுங்குனதை நிமுத்தாது. வலியை எழுப்பி ஒரு ஓரமா உக்கார வைக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்துல பிள்ளை தூங்கும், தின்னும், நாலு எட்டு வைக்கும்."

அந்தக் காலத்துல சட்டமெல்லாம் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. முனிக்குச் சுருட்டும் சாராயமும் கஞ்சாவும் படைக்கிறது இங்க உள்ள வழக்கம். பத்துப் பதினஞ்சு செடி கோயிலுக்குப் பின்னாடி நிக்கும். வெள்ளிக்கு வெள்ளி கோடாங்கி கசக்கிச் சிலும்புக் குழல்ல வச்சு முனி முன்னால வைப்பாரு. முனி குடிச்சாரான்னு யாரும் பாத்ததில்ல. புகை என்னமோ அம்பலம் மூக்கு வழியாவும் சித்தப்பு மூக்கு வழியாவும்தான் வந்துச்சுன்னு பொம்பளைங்க சிரிச்சுக்குவாங்களாம்.

அம்பலம் அப்ப மறுக்கல. கரையைக் காத்த புள்ளைதானே, எடுத்துக்கோங்கன்னுட்டாரு.

லேகியம் தின்ன முதல் நாள் இருளாயி தூங்குனா. ரெண்டாம் நாள் எழுந்து உக்காந்தா. ஒரு மாசத்துல குச்சி ஊன்றி நடந்தா. அப்புறம் குச்சியும் வேண்டாம்னா. அண்ணன் பிள்ளைகளை மடியில போட்டுக்கிட்டா. மதினியோட சேர்ந்து நெல்லு அவிச்சா. சிரிச்சா. மூணு வருசம் அப்படி இருந்தா. மூணே மூணு வருசம்.

அதுல ரெண்டாவது வருசம் மழை குறைஞ்சுச்சு. மூணாவது வருசம் மழையே இல்ல. கண்மாய் வெடிச்சுக் கிடந்துச்சு. கோடாங்கி உடுக்கையை எடுத்து அடிச்சுக் கேட்டாரு. முனி சொன்னாராம், "எனக்குப் படைக்கிற பொருள்ல ஒரு பொம்பளை வாய் வைக்கிறா"ன்னு.

ஊர்ல பேச்சு ஆரம்பிச்சுச்சு.

"அவளுக்கு வலின்னுதான கொடுத்தோம்?"

"என்ன வலி? நேத்து ஊருணியில தண்ணி மோந்துக்கிட்டு நின்னா."

"நான் பாக்கும்போது சிரிச்சுக்கிட்டு இருந்தாளே."

"வலிக்கிறவ சிரிப்பாளா?"

மருந்து வேலை செஞ்சதாலதான் அவ சிரிச்சா. சிரிச்சதால மருந்து வேண்டாம்னாங்க. இதை எங்கேயாவது ஒத்துக்க முடியுமா? குடை பிடிச்சவன் நனையல, ஆகவே மழை பெய்யல, ஆகவே குடையைக் கொடுன்னு கேட்டா நீங்க கொடுப்பீங்களா? ஆனா ஊரு கேட்டுச்சு.

பஞ்சாயத்துக்கு வரச்சொல்லி ஆள் விட்டாங்க. இருளாயி ஒரு தப்புப் பண்ணா. மரியாதையா நடந்து போகணும்னு நினைச்சா. பெரியவங்க கூப்பிட்டிருக்காங்க, கட்டில்ல தூக்கிட்டுப் போனா நல்லா இருக்காதுன்னு, அன்னைக்கு லேகியத்தைத் தின்னுட்டு, தலையை வாரி முடிஞ்சுகிட்டு, கரை முழுக்க நடந்து போய் நின்னா.

அம்பலம் கேட்டாரு. "ஏத்தா இருளாயி, எப்படி வந்த?"

"நடந்துதான் வந்தேன், மாமா."

"யாரும் தூக்கிட்டு வரல?"

"இல்ல மாமா."

"பல்லக்கு கில்லக்கு?"

கூட்டம் சிரிச்சுச்சு. இருளாயியும் மரியாதைக்குச் சிரிச்சா. அதுவும் தப்பாப் போச்சு.

"சிரிக்கிற, நடக்குற. அப்ப வலி எங்க போச்சு?"

"மருந்து தின்னுட்டு வந்தேன், மாமா."

"தின்னாம வந்திருக்கலாமே."

"தின்னாட்டி வந்திருக்க முடியாதே."

"சரி, எங்க வலிக்குது? காட்டு."

அத்தனை ஆம்பளைக்கு முன்னால அவ இடுப்புல கையை வச்சுக் காட்டுனா. அம்பலம் எட்டிப் பாத்தாரு. கோடாங்கி எட்டிப் பாத்தாரு. "வீக்கம் இல்ல. ரத்தம் இல்ல. தோலு நல்லாத்தான் இருக்கு. ஒண்ணும் தெரியலையே, ஆத்தா"ன்னாங்க.

அப்ப இருளாயி ஒண்ணு கேட்டா. சத்தம் போட்டுக் கேக்கலையாம். சோறு வேணுமான்னு கேக்குற மாதிரிக் கேட்டாளாம்.

"நான் தண்ணிக்கடியில கல்லைத் தூக்குனதை நீங்க யாரும் பாக்கல, மாமா. கலங்கல் தண்ணி, என் கையே எனக்குத் தெரியல. ஆனா நான்தான் தூக்குனேன்னு நம்புனீக. கல்லு நடுறேன்னுகூடச் சொன்னீக. இந்த வலியையும் நீங்க பாக்கல. இதை மட்டும் ஏன் மாமா நம்ப மாட்டேங்கிறீக?"

அம்பலம் மேல்துண்டை உதறித் தோள்ல போட்டாரு. கோடாங்கி உடுக்கையைத் துடைச்சாரு. பதில் சொல்ல முடியாத கேள்வி கேட்டவளுக்குத் தண்டனை கூடத்தானே செய்யும்? கூடுச்சு. இனிமே முனித்தோட்டத்துல ஒரு இலைகூடக் கிடையாது. ராவுத்தர் ஊர் எல்லைக்குள்ள கால் வைக்கக்கூடாது. மீறி யாராவது மருந்து கொடுத்தா, கூரிச்சாத்தன் வீட்டுக்கு மடை வேலையும் கிடையாது, ஊர்த் தண்ணியும் நெருப்பும் கிடையாது.

சரி, அம்பலம் பக்கம் நின்னும் பேசிப் பாப்போம். ஊரே காஞ்சு கிடக்கு. பிள்ளைகளுக்குக் கஞ்சி இல்ல. பயந்து போன மனுசங்க எதையாவது செஞ்சாத்தான் மனசு ஆறும். அதெல்லாம் சரி. ஆனா, அம்பலம் அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து சிலும்பைத் தொடலைன்னு யாராவது சொல்லக் கேட்டீங்களா? சித்தப்பு விட்டாரா? விடல. விரதம் எல்லாம் இருளாயி இடுப்புக்கு மட்டும்தான்.

அடுத்த வருசம் மழை பெஞ்சுச்சு. போதாதா? "பாத்தியா, முனி மனசு குளுந்துட்டாரு"ன்னாங்க. மழை பக்கத்து ஊர்லயும்தான் பெஞ்சுச்சு. அங்க எந்த இருளாயிகிட்ட எதைப் பிடுங்குனாங்கன்னு கேக்க ஆளில்ல.

இருளாயி மறுபடி படுத்துட்டா. மறுபடி சத்தம் கேட்டுச்சு. ஊர் அதுக்கும் ஒரு பேர் வச்சுச்சு. "வலிக்கு அழுகல, போதைக்கு அழுகுறா"ன்னாங்க. தின்னாலும் போதை, தின்னாட்டியும் போதை. ராவுத்தர் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, போற வர்ற ஆள்கிட்ட எல்லாம் தைலம் கொடுத்தனுப்புவாராம். "என் மகளுக்கு எப்படி இருக்கு?"ன்னு கேப்பாராம். தைலம் வந்துச்சு. வலி போகல.

ரெண்டு வருசம் கூரிச்சாத்தன் பொறுத்தாரு. ஒரு நாள் உச்சி வெயில்ல, ஊரே அறுப்புக்குப் போயிருந்தப்ப, முனித்தோட்டத்துக்குள்ள புகுந்து ஒரு கை இலையை உருவிட்டு வந்துட்டாரு. மதினிதான் ராவுத்தர் சொன்ன பக்குவத்துல கிண்டுனாங்க. இருளாயி கேட்டாளாம், "ஏதுண்ணே இது?"

"தின்னு தங்கச்சி. கேக்காத."

தின்னா. மறுநாள் ஒரு நாள் முழுக்க அவளுக்கு நல்லா இருந்துச்சு. தானே எழுந்து தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டா. மடை வரைக்கும் நடந்து போயி, தண்ணியில காலை விட்டு உக்காந்தா. மதினி கூடப் போயிருந்தாங்க. "எவ்வளவு நல்லாருக்கு மதினி"ன்னாளாம். என்ன நல்லாருக்குன்னு சொல்லலையாம். தண்ணியா, வெயிலா, வலி இல்லாத இடுப்பா, எதுன்னு மதினிக்குத் தெரியல. கேக்கவும் தோணல.

அதைக் கோடாங்கி பாத்துட்டாரு.

கூரிச்சாத்தனைக் கரைமேல உள்ள புளியமரத்துல கட்டுனாங்க. மூணு நாள் கட்டி வச்சாங்க. வீட்ல அடுப்பெரிய விடல. மூணாவது நாள் இருளாயி கையை ஊன்றி வாசல் வரைக்கும் தவழ்ந்து வந்து, அந்த வழியாப் போன அம்பலத்தைக் கூப்பிட்டா. "அவுத்து விட்டுருங்க மாமா. இனிமே எனக்கு வலிக்காது"ன்னா.

அம்பலம் அவுத்து விட்டாரு.

அதுக்கப்புறம் அவ சத்தமே போடல. நம்புங்க, ஒரு சத்தம் இல்ல. அஞ்சு வருசம். எப்பவாச்சும் மதினி கேப்பாங்களாம், "வலிக்குதா நாத்தி?" "இல்ல மதினி." "கையில என்ன துணி சுத்தியிருக்க?" "நரம்பு இழுக்குது, அதான் கட்டியிருக்கேன்." "அவுத்துக் காட்டு, எண்ணெய் தேச்சு விடுறேன்." "வேண்டாம் மதினி, இப்பத்தான் கட்டுனேன்."

ஊர்க்காரங்க கரைமேல உக்காந்து பேசிக்கிட்டாங்க. "பாத்தீகளா? ஒரு கட்டு கட்டுனோம், வலி ஓடிருச்சு. அன்னைக்கே நாம சொன்னது சரியாப் போச்சுல்ல."

கூரிச்சாத்தனுக்கும் கொஞ்சம் அப்படித்தான் தோணுச்சுன்னு சொல்றாங்க. இதைச் சொல்ல எனக்கு வாய் வரல, எங்க வழி மனுசன். ஆனா சொல்லாம விட்டா நானும் மறைச்ச மாதிரி ஆயிரும். தனக்கு எது சௌகரியமோ அதை நம்பிக்கிட்டாரு. மடை வேலைக்குப் போனாரு. பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தாரு.

பதினோராம் வருசம், ஒரு தை மாசக் காலையில, மதினி கஞ்சி கொண்டு போனாங்க. இருளாயி சுவரைப் பாத்துப் படுத்திருந்தா. கஞ்சி ஆறிருச்சு.

சாவு வீட்டுக்கு ஊரே வந்துச்சு. என்ன இருந்தாலும் கரையைக் காத்தவதான்னு நாலு நல்ல வார்த்தை சொன்னாங்க. அம்பலம் பழைய பேச்சை எடுத்தாரு. "அன்னைக்குச் சொன்ன கல்லை இப்ப நட்டுருவோம்"னாரு. முகத்துல ஒரு நிம்மதி. வாய்க்கரிசி போட்ட கணக்கு ஒருவழியா நேராச்சுல்ல.

குளிப்பாட்ட நாலு பொம்பளைங்க உள்ள போனாங்க. அதுல ஒருத்தி அம்பலத்துப் பொண்டாட்டி செவத்தாயி. தலைக்கு ஊத்துனாங்க. மஞ்சள் தேச்சாங்க. கையில சுத்தியிருந்த துணியை மதினி அவுத்தாங்க.

அவுத்தவங்க அந்தக் கையை வெளிச்சத்துப் பக்கம் திருப்புனாங்களாம்.

மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் பல்லுத்தடம். ரெண்டு கையிலயும். ஆறின தடம், அது மேல ஆறாத தடம், அது மேல நேத்துப் பதிஞ்ச தடம். வேற யாரு பல்லும் இல்ல. மேல்வரிசையில அவளுக்கு ஒரு பல்லு முன்ன பின்ன இருக்கும், அது தடத்துலயும் அப்படியே இருந்துச்சு. அண்ணனை மறுபடி மரத்துல கட்டிறக்கூடாதுன்னு, வலி வரும்போதெல்லாம் தன் கையைத் தானே கடிச்சுச் சத்தத்தை முழுங்கியிருக்கா. அஞ்சு வருசம்.

மதினி அழல. "நான் தினமும் கஞ்சி கொடுத்தேனே, இந்தக் கையிலதானே கொடுத்தேன்"னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தாங்களாம்.

பாடை கட்டியாச்சு. தூக்க ஆள் வந்தாச்சு. செவத்தாயி வெளிய வந்து பாடைப் பக்கத்துல உக்காந்தா. ஒரு கையை எடுத்துப் பாடை மூங்கில்ல வச்சா. அவளைப் பாத்து மத்த மூணு பேரும் உக்காந்தாங்க. அப்புறம் அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க. யார் வீட்டுப் பொம்பளையும் பாக்கியில்லாம எல்லாரும் பாடையைச் சுத்தி உக்காந்துட்டாங்களாம்.

"எழுந்திரு, வெயில் சாயுது"ன்னாரு அம்பலம்.

செவத்தாயி எழுந்திருக்கல. இருளாயி கையை எடுத்துத் தன் மடியில வச்சுத் துணியை விலக்குனா. "பாருங்க. அன்னைக்கு வீக்கம் இல்ல, ரத்தம் இல்ல, ஒண்ணும் தெரியலன்னு சொன்னீகளே. இப்பத் தெரியுதா?"

அம்பலம் பாத்தாரு. கோடாங்கி பாத்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. கூரிச்சாத்தன் அந்தக் கையைப் பாத்துட்டு, கட்டி வச்ச அதே புளியமரத்துல போய்ச் சாஞ்சு உக்காந்துட்டாரு.

"நல்லாப் பெரிய கல்லா நடுவோம்"னாரு அம்பலம்.

"கல்லை யாரு கேட்டா?"

"வருசாவருசம் பொங்கல் வைப்போம். பட்டு சாத்துவோம்."

"பட்டை யாரு கேட்டா? அவ உசுரோட நின்னு ஒரு கேள்வி கேட்டா. அதுக்குப் பதில் சொல்லல நீங்க. பதிலைச் சொல்லுங்க. சொல்லிட்டுத் தூக்குங்க."

"செத்தவளுக்கு என்னடி பதில்?"

"உசுரோட இருந்தப்பவும் சொல்லலையே."

சித்தப்பு நடுவுல பூந்தாராம். "பொம்பளைங்க பாடையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா எந்த ஊர்ல அடுக்கும்?" செவத்தாயி திரும்பிக்கூடப் பாக்கல. "உங்களுக்குக் காதுல சீழுன்னு கேள்விப்பட்டேன், சித்தப்பு. இது உங்க காதுல விழாது, போங்க"ன்னாளாம்.

அம்பலம் முனியைச் சாட்சிக்கு இழுத்தாரு. மழை இல்லாததைச் சொன்னாரு. ஊர் நன்மையைச் சொன்னாரு. ஒவ்வொண்ணையும் பொம்பளைங்க கேட்டுக்கிட்டாங்க. ஒருத்தியும் மூங்கில்ல இருந்து கையை எடுக்கல. வெயில் புளியமரத்துக்குக் கீழ இறங்கிருச்சு.

அன்னைக்கு அம்பலம் என்ன சொன்னாருங்கிறதைத்தான் கிளுவனேந்தல்ல இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காங்க. நீங்க போனாப் பாக்கலாம். மடையோரம் ஒரு நீளமான கல்லு நட்டமா நிக்காம, கரைமேல சாஞ்சு கிடக்கும். அவ இடுப்புல விழுந்த குறுக்குக்கல்தான் அது. இருளாயி சாய்வுன்னு பேரு. அதுக்கு முன்னால யாரும் நின்னு கும்பிடக்கூடாது. உக்காந்து, முதுகைக் கல்லுல சாய்ச்சுக்கணும். கார்த்திகையில மடை திறக்கிற அன்னைக்கு வலிக்காரங்க வருவாங்க. டிஸ்க் போன லாரி டிரைவர் வருவாரு. மெசின் தைச்சுத் தைச்சுக் கழுத்து போன அக்கா வருவாங்க. புத்துநோய்க்காரங்களைச் சொந்தக்காரங்க தூக்கிட்டு வருவாங்க. 'ஸ்கேன்ல ஒண்ணும் தெரியலையேம்மா'ன்னு திருப்பி அனுப்பப்பட்டவங்கதான் நிறைய வருவாங்க. லேகிய உருண்டை கொடுப்பாங்க. முன்னெல்லாம் முனித்தோட்டத்துல முதல் பறிப்பு இலை அதுக்குத்தானாம், முனிக்கே அப்புறம்தானாம். இப்பச் சட்டம் வந்துருச்சு. வெறும் பாலும் கருப்பட்டியும் கசகசாவும்தான். தின்னவங்களுக்கு இனிப்பாத்தான் இருக்கும், வேற ஒண்ணும் பண்ணாது. அவங்களுக்கும் அது தெரியும். இருந்தும் வர்றாங்க. கல்லுல சாஞ்சு, எங்க வலிக்குதுன்னு வாய் விட்டுச் சொல்றாங்க. அம்பலம் வழியில வந்தவங்க ஒருத்தர் எதிர்ல குந்தி உக்காந்து கேக்கணும். காட்டுன்னு சொல்லக்கூடாது. கேட்டு முடிச்சதும், அன்னைக்கு அந்தப் பெரியவர் சொன்ன அதே பதிலைச் சொல்லணும்.

அன்னைக்கு அவரு மேல்துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டாரு. பொம்பளைங்க வழிவிட்டாங்க. பாடை ஓரமாக் குந்தி, குனிஞ்சு, அவ காதுகிட்ட வாயை வச்சுச் சொன்னாராம்.

"வலிச்சிருக்கு, ஆத்தா. நான் நம்புறேன்."